ஜீப்புக்கு ரேஸ் கிளட்ச் வேணுமா மக்கா?

குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கும் ஜீப்புக்கும் உள்ள சொந்தம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு, இந்தப் பக்கம் கீரிப்பாறை... வருஷத்துக்கு ரெண்டு பருவமழை ஊறவைக்கிற செம்மண் ஏத்தத்துல பழைய மஹிந்திராதான் யானை. ஷெட்ல கிடந்த தாத்தா காலத்து ஜீப்பைத் தூசி தட்டுற பசங்க இப்போ ஒர்க்‌ஷாப்ல கேட்கிற கேள்வி: "அண்ணே, பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் போட்ருவோமா?"

போடலாம். எதுக்குன்னு தெரிஞ்சு போடணும்!

பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோட அழுத்திப் பிடிக்கிறதாலதான் இன்ஜின் சக்தி கியர்பாக்ஸுக்குப் போகுது. பெர்ஃபாமன்ஸ் கிளட்ச்ல இந்த அழுத்தம் கூடுதலா இருக்கும், இல்லன்னா பிளேட்ல உராய்வு கூடின பொருள் இருக்கும். அவ்வளவுதான் ரகசியம். அமெரிக்காவில் 1953-ல் வந்து, பிறகு மஹிந்திரா இங்கே பல வருஷம் தயாரித்த சிஜே-3பி-யோட பெட்ரோல் இன்ஜின் சுமார் 2,200 சிசி. குதிரை சக்தி எழுபது சொச்சம். முறுக்கு விசை 150 நியூட்டன் மீட்டர் பக்கம். ஒழுங்கான கம்பெனி கிளட்ச்சே இதை அலட்டிக்காம தாங்கும்.

அப்புறம் ஏன் மலையில கருகல் வாடை? லோ ரேஞ்ச் கையிலேயே இருக்க, ஹையில அரை கிளட்ச் பிடிச்சு ஏத்துறதுதான் முதல் காரணம். அந்த ஜீப்போட லோ ரேஞ்ச் இழுவையை 2.46 மடங்கு ஆக்கும்; கிளட்ச் பாரம் இறங்கிடும். அடுத்தது, இன்ஜின் பின்பக்க சீல்ல கசியுற ஆயில். ஆயில் குடிச்ச பிளேட் எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

ரேஸ்காரங்க விரும்புற செராமிக் பட்டன் பிளேட் சூட்டுக்கு அசராது. ஆனா கபக்குனு கவ்வும். ஈரப் பாறையில டயரை அங்குலம் அங்குலமா நகர்த்தும்போது அப்படிக் கவ்வினா வண்டி துள்ளும், டயர் பிடி விடும், வயசான ஆக்ஸில் ஷாஃப்ட் உதை வாங்கும். ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற ரோட்டுல அரை அடி துள்ளல் சின்ன விஷயமா? நம்ம ஓட்டு நல்ல ஆர்கானிக் பிளேட்டுக்குத்தான். இன்ஜினை மாத்தி சக்தி கூட்டியிருந்தா மட்டும் அழுத்தம் கூடின பிரஷர் பிளேட். பெடல் இறுகும், இடது கால் திட்டும், தாங்கிக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி போனட்டைத் திறங்க. நம்ம ஊர்ப் பழைய ஜீப்புல பாதிக்கு இதயமே மாறியிருக்கும். பெட்ரோல் போய் பீஜோ டீசல் உட்கார்ந்திருக்கும். ஆர்சி புக்கை நம்பி பார்ட்ஸ் வாங்காதீங்க. பழைய பிளேட்டையே கடைக்குக் கொண்டு போய், விட்டம், நடுவில் இருக்கிற ஸ்பிளைன் பல் எண்ணிக்கை ரெண்டையும் ஒத்துப் பாருங்க.

மாட்டுறப்போ, கியர்பாக்ஸையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் ஒண்ணா இறக்கணும். தனியா முயற்சி பண்ணாதீங்க, வெயிட் நசுக்கிடும். கழட்டின கையோட ஆயில் சீல், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ் மூணையும் புதுசு போட்டுருங்க. மிச்சம் பிடிச்சா சில நூறு ரூபாய்க்காக மறுபடியும் மொத்தமா இறக்கணும். ஃப்ளைவீல்ல நீலத் திட்டு தெரிஞ்சா லேத்துக்கு அனுப்புங்க. பிளேட்டை நடுவாப்புல நிறுத்த பழைய இன்புட் ஷாஃப்ட் ஒண்ணு போதும். போல்ட்டுகளை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். கியர்பாக்ஸை ஏத்தும்போது அதோட கனம் பிளேட்ல தொங்கவே கூடாது. தொங்கினா பிளேட் வளையும். புது கிளட்ச்சும் முதல் நாளே உதறும்.

கடைசியா பெடல்ல சுமார் ஒரு அங்குலம் ஃப்ரீ பிளே வையுங்க. முதல் 500 கிலோமீட்டருக்கு நாகர்கோவில், தக்கலைன்னு சமதளத்துல சாந்தமா ஓட்டுங்க. மலை அதுக்கப்புறம். அங்கேயும் வனத்துறை அனுமதிக்கிற பாதை மட்டும்தான், சரியா?