இராமநாதபுரக் கடற்கரைச் சிறார்க்கான மாலைநேரக் கல்வி: ‘இல்லம் தேடிக் கல்வி’ செயல்பாடுகளும் நெய்தல் வழக்கும்

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் முதல் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறைக்குள் கால் வைக்காமலேயே இரண்டாம் வகுப்பை அடைந்தது. இந்தக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு வகுத்ததே ‘இல்லம் தேடிக் கல்வி’. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டாரத்தில் தொடங்கப்பெற்ற இத்திட்டம், 12 மாவட்டங்களில் முன்னோட்டமாக நடத்தப்பட்டது. அப்பட்டியலில் இராமநாதபுரம் இடம்பெறவில்லை. அடுத்த கட்டத்திலேயே இங்கு வந்தது. தமிழகக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்கிற்குமேல், அதாவது ஏறத்தாழ 237 கி.மீ. நீளம், இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநிலம் முழுமைக்கும் பொதுவாக அமைந்த மாலைநேரச் செயல்பாடுகள் இக்கரையின் தொடக்கநிலைச் சிறார்க்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மையத்தின் அமைப்பு

மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஒன்று அல்லது ஒன்றரை மணிநேரம் மையம் நடைபெறும். 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது கணக்கு. தொடக்கநிலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் நடுநிலைக்குப் பட்டமும் தகுதிகளாக வரையறுக்கப்பட்டன. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். பள்ளி வளாகம், அங்கன்வாடி, வீட்டுத் திண்ணை என எங்கும் அமரலாம். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் நிகழ்த்திய ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதையும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்ததையும் காட்டுகிறது. இவ்விளைவை மணிக்கணக்கால் மட்டும் விளக்கிவிட இயலாது. கற்பிப்பவர் அதே தெருவினர். குழந்தையின் வீட்டுமொழி அவருக்கும் வீட்டுமொழி. திட்டத்தின் வலிமை இங்கிருக்கிறது எனக் கருத இடமுண்டு.

நெய்தலுக்குரிய சிறுபொழுதாக இலக்கணம் வகுக்கும் எற்பாடும் ஏறத்தாழ இம்மைய நேரமே. சிற்றில் இழைத்தலும், வண்டற்பாவை செய்தலும், அலவனாட்டலும் சங்கப் பாடல்களில் நெய்தல் மகளிர் விளையாட்டுகளாக வருகின்றன. மணலில் விளையாடிக் கற்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று.

செயல்பாடுகளும் கரைச்சொற்களும்

கதை, பாடல், புதிர், சொல்லட்டை, கைவினை ஆகியவற்றின் வழியே எழுத்தையும் எண்ணையும் அறிமுகம் செய்வதே தொடக்கநிலை மையத்தின் முறை. இவற்றுள் சொல்லட்டை எளிதாகத் தோன்றுவது. சிக்கலும் அதில்தான் மிகுதி. ‘மரிக்கொழுந்து’ என்னும் அட்டையைத் தாவரம் வளரும் இடத்தோடு இணைக்கச் சொன்னால், பூந்தோட்டப் படத்தையே பொது விடையாக எதிர்பார்ப்போம். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்ணின் மகளுக்கோ மரிக்கொழுந்து கடலடிப் பாறையில் வளர்வது. கஞ்சிப்பாசியோடு சேர்த்துத் தாய் கொண்டுவந்து உலர்த்துவது. அவள் கடற்படத்தோடு இணைத்தால் அது பிழையா? பிழையெனக் குறித்துவிட்டால் அக்குழந்தை ஒரு சொல்லை இழப்பதோடு, வீட்டில் அறிந்தது பள்ளியில் செல்லாது என்னும் முடிவுக்கும் ஏழு வயதிலேயே வந்துவிடும். எல்லாக் கரைகளின் சொற்களையும் ஒரு பொதுக் கையேடு முன்கூட்டியே அடக்கிவிட முடியாது. சின்னப்பாலத்துத் தன்னார்வலர் இரு விடைகளையும் ஏற்பார்; அதற்கு அவருக்குத் தனிப்பயிற்சி தேவையில்லை.

திசைப்பாடமும் இத்தகையதே. வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்பது மீனவர் வழக்கு. நான்கு மூலைகளில் நான்கு குழந்தைகளைக் காற்றாக நிறுத்தி, நடுவே வல்லமாக ஒருவரைத் திருப்பிவிடும் விளையாட்டில் அம்புக்குறிப் படத்திற்கு வேலையில்லை. பாம்பன் தீவின் வடபுறம் வடகடல், தென்புறம் தென்கடல் என்று வழங்குவதும் குழந்தைகள் அறிந்ததே. பாடநூலின் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அப்பெயர்களின் அருகில் எழுதினால் போதும்.

அளவைக்கு இன்னும் வளமான வாய்ப்பு உண்டு. கயிற்றையும் கடலாழத்தையும் மீனவர் ‘பாகம்’ என்னும் அளவால் குறிப்பர்; இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல்நுனி முதல் விரல்நுனி வரையுள்ள நீளம் அது. ஒரே கயிற்றைப் பல குழந்தைகள் தத்தம் பாகத்தால் அளக்கும்போது விடைகள் வேறுபடும். தந்தை அளந்தால் எண்ணிக்கை இன்னும் குறையும். யார் சொல்வது சரி என்னும் பூசல் எழுந்த பின்னரே மீட்டர் அளவுகோலை எடுத்துக் காட்ட வேண்டும். திட்ட அலகு ஏன் வேண்டும் என்பதைக் குழந்தைகளே அப்போது கேட்டிருப்பர்.

பல்லாங்குழியைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. 14 குழிகள், குழிக்கு 5 எனில் 70 சோழிகள். பங்கிடுதலும் மீதி காணுதலும் ஆட்டத்திலேயே அடங்கியுள்ளன. பலகை இல்லாவிடினும் மணலில் குழி பறித்துக் கரையொதுங்கிய சிப்பிகளைக் கொண்டு ஆடலாம்.

கடல்நாளும் பள்ளிநாளும்

இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக் கிழமைகளில் கடலுக்குச் செல்வதும், மற்ற நாள்களை நாட்டுப்படகுகளுக்கு விடுவதும் பாக் நீரிணையின் நெடுநாள் ஏற்பாடு. ஆகவே தந்தை வீட்டிலிருக்கும் மாலை எது என்பதைக் குழந்தை கிழமையால் அறியும். கதை சொல்லவும் முடிச்சிடக் கற்பிக்கவும் பெற்றோரை மையத்திற்கு அழைக்க விரும்பும் தன்னார்வலர் பள்ளி நாட்காட்டியோடு இந்நாட்காட்டியையும் பார்க்க வேண்டியவராகிறார்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் குறைந்து கடன் பெருகும் காலம் அது. எனினும் விசைப்படகுத் தொழிலாளர் கரையிலிருக்கும் காலமும் அதுவே. கோடை விடுமுறையும் அதனுள் அடங்குகிறது. 2022 சூன் 1 முதல் 12 வரை இத்திட்டத்தின்கீழ், குழந்தை உரக்கப் படிப்பதைக் கைப்பேசிச் செயலி கேட்டுத் திருத்தும் ‘வாசிப்பு மாரத்தான்’ நடைபெற்றது. அந்நாள்கள் முழுவதும் தடைக்காலத்திற்குள் வந்தமை தற்செயலே. ஆயினும் ஒரே கைப்பேசியுள்ள படகுத் தொழிலாளர் வீட்டில் அது கடலுக்குப் போகாமல் குழந்தையின் கைக்கு எட்டும் இரண்டு மாதங்கள் இவை. இக்கரையில் வாசிப்புச் செயல்பாடுகளைத் திட்டமிடுவோர் தடைக்காலத்திலிருந்து தொடங்கலாம்.