வடிகட்டிய பிறகும் எண்ணிக்கை தவறலாம்

மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். நாசாவின் புறக்கோள் காப்பகம் அவற்றை இணையத்தில் பெரிய அட்டவணையாகத் தருகிறது. 2020க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவை மட்டும் வேண்டுமா? கண்டுபிடித்த ஆண்டுக்கான தலைப்பின் கீழுள்ள பெட்டியில் '> 2020' என்று தட்டுங்கள். மற்ற வரிசைகள் மறைந்துவிடும்.

ஆனால் அவை அழிவதில்லை, மாணவர்களே. பதிவிறக்கும்போது 'எல்லா வரிசைகளும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், மறைந்தவையும் உங்கள் கோப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இப்போது வடிகட்டிய வரிசைகள்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு கோள் அன்று; ஒரு கோளைப் பற்றிய ஓர் ஆய்வின் முடிவு. ஐந்து குழுக்கள் ஒரே கோளை அளந்திருந்தால் அதற்கு ஐந்து வரிசைகள் இருக்கலாம். வரிசைகளை எண்ணி, 'இத்தனை கோள்கள்' என்று செயல்திட்டத்தில் எழுதினால் கணக்கு ஊதிப்போகும். காப்பகம் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு வரிசையை இயல்பான தரவாகக் குறித்திருக்கிறது. அந்தப் பத்தியில் 1 என்று தட்டினால் கோளுக்கு ஒரு வரிசையே மிஞ்சும்.

கோப்பு வந்ததும் அதன் தொடக்கத்தில் # குறியிட்ட வரிகளைப் படியுங்கள். எந்த நிபந்தனைகளால் வடிகட்டினீர்கள் என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கும். பலர் அவசரத்தில் முதலில் அழிப்பது அந்த வரிகளைத்தான்!