நியூ சவுத் வேல்சு ஊரகத் தீயணைப்பு மாவட்டங்கள்

ஊரகத் தீயணைப்பு மாவட்டம் என்பது ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில், 1997ஆம் ஆண்டு ஊரகத் தீச் சட்டத்தின்கீழ் அமைந்த தீத்தடுப்புப் பகுதியாகும். இங்கு ஊரகத் தீயணைப்புச் சேவையினர் பணியாற்றுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத உள்ளூர்த் தன்னார்வலர்கள்.

தீ வானிலை

கடும் வெப்பம், குறைந்த ஈரப்பதம், பலத்த காற்று ஆகியவை ஒன்றுசேரும் நாளில் காய்ந்த புல்லிலும் சருகிலும் தீ விரைந்து பரவும். கோடையில் உள்நாட்டிலிருந்து வீசும் வறண்ட வடமேற்குக் காற்று தீயைத் தென்கிழக்கு நோக்கி நீளமாக இழுத்துச் செல்லும். பின்னர் குளிர்ந்த தெற்குக் காற்று திடீரென வீசத் தொடங்கினால், தீயின் நீண்ட பக்கவாட்டு விளிம்பு அகன்ற முகப்பாக மாறிவிடும். வெப்பநிலை தணிந்தும் ஆபத்து கூடுவது இதனால்தான்.

2022 செப்டம்பர் முதல் தீ அபாயம் மிதமானது, உயர்ந்தது, மிகக் கடுமையானது, பேரழிவு என நான்கு நிலைகளில் அறிவிக்கப்படுகிறது.

சேவைகள்

வழக்கமாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நீளும் தீ அபாயக் காலத்தில், நிலத்திலுள்ள புதர்களை எரிக்க அனுமதிச் சீட்டு பெற வேண்டும். முழுத் தீத்தடை நாளில் அந்த அனுமதியும் செல்லாது. குளிர்ந்த மாதங்களில் சருகைக் குறைக்கக் கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு நடைபெறும்.

பேரழிவு நிலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தீயணைப்பு வண்டி வரும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே, தீப்பற்றும் முன்னரே அபாயப் பகுதியை விட்டு வெளியேறுமாறு இச்சேவை அறிவுறுத்துகிறது.