கார் பாலிஷ் தொழிலுக்கு முதல் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?



சாலையோரத்தில் வாட்டர் வாஷ் நடத்தும் நம் குழுக்களில் இருந்து கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான் வருகிறது. "கார் கழுவ வர்றவங்க பாலிஷ் போடுவீங்களான்னு கேக்குறாங்க. டவுன்ல ஒரு கடையில மெஷின் காட்டுறாங்க. வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் எந்த மெஷின் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தப்பான மெஷினை வாங்கிவிட்டால் கடன் தவணை ஒருபக்கம், அடுத்தவர் காரைக் கெடுத்த பழி ஒருபக்கம் என்று இரண்டும் குழுவின் தலையில் விழும். அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாம் கை வைக்கப் போவது எதன் மேல் என்று தெரிந்துகொள்வோம். இன்றைக்கு ஓடும் கார்கள் பெரும்பாலானவற்றில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் கலர், அதற்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கும். அந்தக் கடைசிப் பூச்சுக்குக் கிளியர் கோட் என்று பெயர். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. கம்பெனியில் அடித்த பெயிண்டின் மொத்தக் கனமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். நாம் தீர்மான நகல் எடுக்கிற ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஆக, காரின் மொத்த பெயிண்டும் ஒரு தாள், அல்லது ஒன்றரைத் தாள். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது அரைத் தாள்.

கார் மேல் விழுந்த கோடு என்பது அந்த அரைத் தாளில் விழுந்த ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தை நாம் நிரப்புவதில்லை. சுற்றி இருக்கிற மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தோடு சமமாக்குகிறோம். பாலிஷ் என்பது இதுதான். தேய்த்து எடுத்தது போனதுதான், நம் தோல் மாதிரி திரும்ப வளராது. ஒவ்வொரு பாலிஷுக்கும் அந்த அரைத் தாளில் கொஞ்சம் குறைகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், மெஷினை எப்படித் தேர்வு செய்வது என்பது தானாகவே பிடிபடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் பார்த்தால் கார் போனட்டில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். பெரும்பாலும் அவை வாட்டர் வாஷில் விழுந்தவைதான்! கீழே விழுந்த துணியை அப்படியே எடுத்துத் துடைப்பது, டயர் கழுவிய பஞ்சையே போனட்டுக்கும் போடுவது, ஒரே வாளித் தண்ணீரில் மண்ணோடு மண்ணாக முக்கி எடுப்பது எல்லாம்தான் காரணம். நாமே கோடு போட்டுவிட்டு அதை அழிக்க நாமே காசு கேட்பது நியாயமா? பாலிஷ் தொழில் தொடங்குவதற்கு முன் சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, மைக்ரோஃபைபர் துணி என்று கழுவும் முறையை மாற்றுங்கள். அதற்கு மெஷினும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

திரிகையும் ஆட்டுக்கல்லும்

கடையில் "கார் பாலிஷ் மெஷின்" என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது ரோட்டரி. பட்டறைகளில் வெகுகாலமாக இருப்பது அதுதான். இது நம் வீட்டுத் திரிகை மாதிரி. நடுவில் ஒரு முளை, அதைச் சுற்றி மேல்கல் ஒரே வட்டமாகச் சுற்றுகிறது. ரோட்டரியின் பேடும் அப்படித்தான், ஒரே அச்சில், நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று. வேலை வேகமாக முடியும். ஆனால் கை ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டால் சூடு ஏறும். கதவு ஓரம், போனட் மடிப்பு போன்ற இடங்களில் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே சில நொடியிலேயே கிளியர் கோட் போய் அடியில் இருக்கும் கலர் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் பாலிஷ் உதவாது, பெயிண்டரிடம்தான் போக வேண்டும். பல வருடம் கை பழகியவர்களுக்கு ரோட்டரி நல்ல கருவி. நேற்று வாங்கி இன்று பிடிப்பவர்களுக்கு அல்ல.

டூயல் ஆக்‌ஷன் என்பது ஆட்டுக்கல் மாதிரி. மாவாட்டும்போது குழவி குழிக்குள் சுற்றி வருகிறது, அதே நேரம் தன்னைத்தானேயும் சுற்றிக்கொள்கிறது இல்லையா? டி.ஏ. மெஷினில் பேடு அதே இரண்டு சுற்றையும் சுற்றுகிறது. ஒரே இடத்தில் ஒரே திசையில் தேய்க்காததால் சூடு குறைவாக ஏறும், வட்டக் கோடும் விழாது. இதில் இன்னொரு பெரிய வசதி உண்டு. நாம் அளவுக்கு மீறி அழுத்தினாலோ மெஷினைச் சாய்த்துப் பிடித்தாலோ, பேடு தன்னைத்தானே சுற்றுவதை நிறுத்திவிடும், வெறுமனே அதிரும். வேலை நடக்காதுதான், ஆனால் கெடுதலும் குறைவு. கற்றுக்கொள்கிற கைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இதற்காக டி.ஏ. மெஷினால் பெயிண்ட் போகவே போகாது என்று நினைத்துவிடாதீர்கள். ஓரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் இதிலும் போகும்.

டி.ஏ.விலேயே பல்சக்கரம் வைத்து, எவ்வளவு அழுத்தினாலும் நிற்காமல் சுற்றும் ஒரு வகை இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் கம்பெனியின் எக்ஸ்.சி. 3401 இந்த வகைதான். நல்ல மெஷின், ஆனால் கையை இழுக்கும், அதிர்வும் அதிகம். முதல் மெஷினாக வேண்டாம் என்பது என் கருத்து.

மேலும் இரண்டு மெஷினைக் காட்டி "இதுவும் அதுதாம்மா" என்பார்கள். ஒன்று சாண்டர், தச்சு வேலைக்கும் பட்டி தேய்க்கவும் உள்ளது. பார்க்க டி.ஏ. மாதிரியே இருக்கும், வெல்க்ரோவும் இருக்கும். ஆனால் அதன் ஆட்டம் மிகச் சின்னது, பெயிண்டில் கோடு எடுக்க உதவாது. இன்னொன்று பெரிய தட்டுக்குத் துணி உறை மாட்டி இரண்டு கையால் பிடிக்கும் மலிவான மெஷின். அது மெழுகு தடவ மட்டும்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று இந்த இரண்டில் எதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

முதலில் த்ரோ. குழவி எவ்வளவு அகலமாகச் சுற்றி வருகிறது என்பதுதான் இந்தக் கணக்கு. 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வரும். சில கம்பெனிகளில் மெஷினின் பெயரிலேயே இருக்கும்: இத்தாலியின் ரூபெஸ் கம்பெனியில் எல்.எச்.ஆர். 15, எல்.எச்.ஆர். 21 என்றால் அந்த 15ம் 21ம் த்ரோ. த்ரோ பெரிசானால் அகலமான இடம் சீக்கிரம் முடியும். ஆனால் வளைவில் பேடு நின்று நின்று போகும், கையிலும் கனமாகத் தெரியும். சின்ன த்ரோ வளைவுகளில் நன்றாக உட்காரும், ஆனால் நேரம் எடுக்கும். நம்மிடம் வருவது பெரும்பாலும் சின்னக் கார்களும் டாக்ஸிகளும். அவற்றுக்கு 15 மில்லிமீட்டர் த்ரோ, 5 அங்குல பேக்கிங் பிளேட் போதும் என்பேன். அது கிடைக்காவிட்டால் 8. முதல் மெஷினே 21 வேண்டாம்.

அடுத்து வேகம். 1 முதல் 6 வரை திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். காம்பவுண்டைப் பரப்ப 1, தேய்க்க 4 அல்லது 5 என்று மாற்றி மாற்றித்தான் வேலை செய்வோம். கடையில் மெஷினை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய துணி மேலோ பெஞ்சு மேலோ பேடை வைத்து லேசாக அழுத்தும்போது உடனே மூச்சு வாங்குகிற மாதிரி இறங்கினால் யோசியுங்கள். வாட் எண்ணை மட்டும் காட்டிப் பெருமை பேசுகிறவரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

எடையும் அதிர்வும் நமக்கு ரொம்ப முக்கியம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். வயரோடு உள்ள மெஷின் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். பழகும் காலத்தில் ஒரு கார் முடிக்க முழு நாளும் ஆகும். கதவுக்குப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிக்க வேண்டும், கூரைக்கு ஸ்டூல் மேல் ஏறி நிற்க வேண்டும். அதனால் வேலை செய்யப் போகிற உறுப்பினர்களே கடைக்குப் போங்கள். ஊக்குநர் மட்டும் போய் வாங்கி வருவது இதில் சரிப்படாது. ஓடுகிற மெஷினை இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். வைத்த பிறகு விரல் மரத்துப்போனால் அந்த மெஷின் வேண்டாம். வாங்கின பிறகும் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் பெயர்த் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்கு உள்ளது. நம் 230ல் சொருகினால் அன்றைக்கே புகைந்துவிடும். பேட்டரி மெஷினும் இப்போது கிடைக்கிறது. ஆனால் ஒரு காருக்கே பல பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும், செலவு ஏறும்.

மெஷினோடு செலவு முடிவதில்லை

பெயர் தெரியாத கம்பெனி மெஷின் சில ஆயிரங்களில் கிடைக்கும். பெயர்பெற்ற கம்பெனி என்றால் முப்பதாயிரத்தைத் தாண்டும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் நான் தொகை சொல்லவில்லை, மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஆனால் கடன் தொகை முழுவதையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். நடுத்தர மெஷினும் நல்ல பேடும் இருந்தால் ஜெயிக்கலாம். உயர்ந்த மெஷினும் தேய்ந்த பேடும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

பேடில் வெட்டுப் பேடு, பாலிஷ் பேடு, கடைசி மெருகுக்கு மெத்தென்ற பேடு என்று வகை உண்டு. ஒரு பேடை வைத்து முழு காரையும் முடிக்க முடியாது. சூடேறி, காம்பவுண்ட் ஏறி அடைத்துக்கொள்ளும், வெல்க்ரோவும் கழன்றுவிடும். வகைக்கு மூன்றாவது வேண்டும். கீழே விழுந்த பேடைக் கழுவாமல் திரும்ப மாட்டவே கூடாது. ஒட்டிய ஒரு மணல் போதும், போனட் முழுக்கக் கோலம் போட்டுவிடும். அதோடு காம்பவுண்ட், துணிகள், கறுப்பு பிளாஸ்டிக்கிலும் ஓரங்களிலும் ஒட்ட மாஸ்கிங் டேப், நல்ல வெளிச்சம் தரும் எல்.இ.டி. டார்ச். டியூப் லைட்டில் எல்லாக் காரும் அழகுதான், வெயிலுக்கு வந்தால்தான் உண்மை தெரியும். பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தால், முன்பே பலமுறை பாலிஷ் பார்த்த காரை அடையாளம் கண்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உடனே வாங்க முடியாவிட்டாலும் முதல் லாபத்தில் வாங்குங்கள்.

பழகுவதற்கு வாடிக்கையாளர் கார் வேண்டாம். காயலாங்கடையில் பழைய போனட் ஒன்று எடைக்குப் போட்டு வாங்குங்கள். பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், பேடு சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம் எடுத்து, பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்துங்கள். அவசரமாக இஸ்திரி போடுகிற மாதிரி இழுக்கக் கூடாது. அப்புறம் அதே போனட்டின் மடிப்பில் வேண்டுமென்றே வைத்துத் தேய்த்து, பெயிண்ட் எப்போது போகிறது என்றும் பார்த்துவிடுங்கள். பயம் எங்கே வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

உண்மையான கார் வந்ததும் நகத்தால் கோட்டைத் தடவுங்கள். நகம் மாட்டினால் அந்தக் கோடு பாலிஷில் போகாது என்று காருக்குச் சொந்தக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சின்ன இடத்தில் மெத்தென்ற பேடு, மென்மையான காம்பவுண்டில் தொடங்குங்கள். அது போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். வெள்ளைப் பேடில் காரின் கலர் ஒட்டி வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒன்று அந்தக் காரில் கிளியர் கோட்டே இல்லை, சில பழைய கார்களில் அப்படி உண்டு. இல்லாவிட்டால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது.

பாதுகாப்பில் விளையாட வேண்டாம். துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த முடி எதுவும் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. மேலே ஒரு சட்டை போட்டு எல்லாவற்றையும் உள்ளே செருகிவிடுங்கள். வளையல், மோதிரம், வெளியே தொங்கும் தாலிச் சங்கிலி எல்லாம் காரில் புதுக் கோடு போடும். வயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கிற வாஷ் தரையில் நின்று மெஷினை ஓட்டவே கூடாது. நிழலான, காய்ந்த இடம் தனியாக வேண்டும். அந்த லைனுக்கு ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடச் சொல்லுங்கள். தூசிக்கு முகக்கவசம்.

பணம் கட்டும் முன் கடைசியாக மூன்று விஷயம். கார்பன் பிரஷ் தேய்ந்தால் எங்கே கிடைக்கும், பேக்கிங் பிளேட் தனியாக விற்பார்களா, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள். "கிடைக்கும்மா, கிடைக்கும்" என்ற பதில் போதாது, முகவரியை எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டி கார்டும் குழுவின் பெயரில் இருக்கட்டும். மெஷின் எண்ணைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, கார்பன் பிரஷ் ஒரு ஜோடி கூடவே வாங்கி அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.