சினைமாட்டுக்கு உள்ள கவனிப்பு பிள்ளைத்தாச்சிக்கும் வேணும்

மாட்டுத்தாவணி என்ற பேரிலேயே மாடு இருக்கிறது. மாட்டுச்சந்தையைத் 'தாவணி' என்பது நம்ம பக்கத்து வழக்கம். இன்றைக்கு அங்கே பஸ் ஸ்டாண்டும் காய்கறி, பூ மார்க்கெட்டுகளும்தான். ஆனாலும் அந்த மாட்டை வைத்தே ஒரு கேள்வி கேட்கிறேன்.

சினைமாட்டை எப்படிப் பார்க்கிறோம்? ஏழு மாசம் ஆனதும் கறவையை வத்த விடுகிறோம். கடைசி ரெண்டு மாசம் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை என்று தினமும் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக வைக்கிறோம். யாரும் நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே வீட்டில் ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி குனிந்து நாத்து நடுகிறாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். "நெறையத் தின்னா புள்ள பெருசாயிரும், பிரசவம் கஷ்டமாயிரும்" என்று பெரியவங்க தடுக்கிறாங்க. இன்னும் சில வீட்டில் "ரெண்டு உசுருக்கும் சேத்துத் தின்னு" என்று சோறும் இனிப்புமாகத் திணிக்கிறாங்க. ரெண்டுமே தப்புக் கணக்கு. எடை போதாமல் போனால் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக, குறைமாசத்தில் பிறக்க வாய்ப்பு கூடும். அளவுக்கு மீறினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆபரேஷன் வரைக்கும் போகும்.

எத்தனை கிலோ?

சாதாரண உடம்புள்ள நம்ம பெண்களுக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ ஏறலாம். அதில் பிள்ளை 3 கிலோதான். நஞ்சு, பனிக்குட நீர், பெருத்த கர்ப்பப்பை, கூடுதல் ரத்தம், பிறகு பால் சுரக்கத் தாய் சேமிக்கும் கொழுப்பு எல்லாம் சேர்ந்துதான் மீதி.

எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. 5 அடி உயரமுள்ள பெண் கர்ப்பத்துக்கு முன்னால் 43 கிலோவுக்குக் கீழே இருந்தால் மெலிவு. அவள் இன்னும் கூடுதலாக, 12 கிலோவுக்கு மேலேயே ஏற வேண்டும். 58 கிலோவுக்கு மேல் இருந்தவளுக்கு 7 முதல் 11 கிலோ போதும்.

முதல் மூணு மாசம் வாந்தி, மசக்கை. ஒண்ணு ரெண்டு கிலோ ஏறினாலே சரி. அதற்குப் பிறகு மாசம் சுமார் 2 கிலோ. ஒரே மாசத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, முகம் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் வந்தாலோ "நல்லா தேறிட்டா" என்று இருந்துவிடாதீங்க. உடனே ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு பார்க்கணும்.

நம்ம காட்டிலேயே இருக்கு

நாலாம் மாசத்திலிருந்து தினம் கூடுதலாக வேண்டியது 350 கலோரி. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு நாட்டுக்கோழி முட்டை: இந்த மூணும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். 20 கிராம் புரதமும் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவங்களுக்கு அவித்த பாசிப்பயறு. கேழ்வரகு, கம்பங்கூழ், எள்ளு, முருங்கைக்கீரை எல்லாம் நம்மகிட்ட விளையுது. கூடவே கொய்யாவோ நெல்லியோ சேர்த்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ மட்டும் வேண்டாம்.

நம்ம இயக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "இயற்கை உணவு சாப்பிடுறோமே, மாத்திரை எதுக்கு?" என்று கேட்கிறீங்க. கர்ப்பத்தில் தேவைப்படும் இரும்புச்சத்தைக் கீரையால் மட்டும் ஈடுகட்ட முடியாது. நாலாம் மாசத்திலிருந்து 180 நாளாவது இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டும். சர்க்கரைப் பரிசோதனையையும் விடக்கூடாது.

தராசும் அட்டையும்

கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே பதிந்து பிக்மி எண் வாங்குங்க. அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாயில் ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடக்கம். அந்தப் பெட்டகம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை, அவளுக்கு.

மாசம் ஒரு தடவை ஒரே தராசில், செருப்பில்லாமல் எடை பார்த்து அட்டையில் எழுதச் சொல்லுங்க. ஆம்பளைங்க கூடப் போய் அந்த எண்ணைப் படிங்க. மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டும்போது ஒரு படி கடலை, ரெண்டு கட்டுக் கீரை, முட்டை நாலு தனியாக எடுத்து வைங்க. சாப்பாடும் முதல் பந்தியிலேயே அவளுக்குப் போடுங்க.