வைக்கோலிலிருந்து எரிசாராயம்: வழிகாட்டிய யானை லத்தி

வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத் தட்டை ஆகியவற்றில் சர்க்கரை நிறைந்துள்ளது என்றால் பலர் நம்புவதில்லை. வாயிலிட்டால் இனிக்காது, அச்சர்க்கரை நாராகப் பின்னிக் கிடக்கிறது. வெப்பமும் அமிலமும் கொடுத்துப் பதப்படுத்தி, நொதிகளைச் சேர்த்தால் நார் சிதைந்து குளுக்கோஸ், சைலோஸ் என்ற இருவகைச் சர்க்கரைகள் முக்கியமாகக் கிடைக்கின்றன.

இங்கேதான் சிக்கல். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைச் சாராயமாக்கும் ஈஸ்ட், குளுக்கோஸை மட்டுமே உண்ணும், சைலோஸைத் தொடாது. இதனால் வைக்கோல் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகும்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ குழுவினர் 1993-இல் வேறொரு ஈஸ்டின் மரபணுக்களைப் புகுத்தி இக்குறையைப் போக்கினர். ஆனால் இம்முறையில் சைலோஸ் இரண்டு படிகளில் மாறுகிறது. இடையில் சைலிட்டால் என்ற பொருள் தேங்கினால் சாராயம் குறையும்.

ஒரே படியில் மாற்றும் நொதி, இந்திய யானையின் லத்தியிலிருந்து பிரித்தெடுத்த பைரோமைசிஸ் என்ற பூஞ்சையில் இருந்தது. யானை தின்னும் நார்த்தீனியைக் குடலில் சிதைக்கும் பூஞ்சை இது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக அறிவியலார் 2003-இல் அதன் மரபணுவை ஈஸ்டில் புகுத்தினர். முதலில் ஈஸ்ட் மிக மெதுவாகவே வளர்ந்தது. நல்ல கதிர்களை ஆண்டுதோறும் பொறுக்கி விதைக்கு வைப்பதுபோல், சைலோஸில் வேகமாக வளர்ந்தவற்றையே மீண்டும் மீண்டும் வளர்த்துத் தேர்ந்தனர். ஈஸ்டின் சொந்த மரபணுக்கள் சிலவற்றையும் ஊக்கினர். அதன் பின்னரே வேகம் கூடியது.

எனினும் எல்லை உண்டு. ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து 510 கிராமுக்கு மேல் சாராயம் கிடைக்காது. நாரைச் சிதைக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம் ஈஸ்டின் வேலையைத் தடுக்கும். நாரைப் பதப்படுத்தும் செலவும் அதிகம்.

அரியானாவின் பானிப்பட்டில், ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எரிசாராயம் தயாரிக்கும் நோக்குடன் அமைந்த ஆலை 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வயலில் வைக்கோலைக் கொளுத்தும் பகுதிகளுக்கு இது நல்ல மாற்று.

மாட்டுக்கு வைக்கோல் போடும் பகுதிகளில் கணக்கு வேறு. தீவனம் போக, ஒரு டன் வைக்கோலுடன் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் வயலை விட்டு வெளியேறுகிறது. இது ஏறத்தாழ அரை மூட்டை பொட்டாஷ் உரத்துக்குச் சமம். வைக்கோலுக்கு விலை பேசும் விவசாயிகள் தீவன மதிப்பையும் இந்த உர மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு விற்பதே நலம்.