வாடகை பாக்கிக்கு கேஸ் போட்டால் வக்கீல் செலவு திரும்பக் கிடைக்குமா?

"நாலு மாசமா வாடகை வரலை. கேஸ் போட்டுடலாம், செலவையும் சேர்த்து அவங்கதானே கட்டணும்?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டை வாடகைக்கு விட்ட பலர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அது பாதிதான் சரி.

சிவில் வழக்கில் தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்பது பொது விதி. ஆனால், அதில் சேரும் வக்கீல் கட்டணம் விதிகளில் உள்ள அளவுப்படிதான். நீங்கள் கையிலிருந்து கொடுத்த தொகை அல்ல. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், உண்மையான நியாயமான செலவைத் தர வேண்டும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பு வேறு. டெல்லியில் ஓர் அறக்கட்டளையின் கட்டடம் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 45,28,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விதிப்படி வருவதுதான் என்றது. கூடவே, அந்த விதிகளையே திருத்த வேண்டும் என்றும் சொன்னது!

சரி, தமிழ்நாட்டில் வழி என்ன? 1960-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 2 மாத வாடகை பாக்கியானால் நோட்டீஸ் அனுப்பலாம். ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால், வீட்டைக் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றம் போகலாம்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைதான். 12,000 ரூபாய் வீட்டுக்கு 36,000. 2 மாத பாக்கி, ஒரு மாத நோட்டீஸ் என்றாலே அது தீர்ந்துவிடும். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால், வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகைக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. வக்கீல் ஃபீஸ் தனி.

ஆத்திரத்தில் கரண்ட், தண்ணீரை நிறுத்த வேண்டாம். அதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, புகார் உங்கள் மேலேயே திரும்பும்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது முக்கியம். ஒரு விஷயம் கவனிக்க: அம்பத்தூர் தாலுகா 2018 முதல் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அலுவலகம் மாறும்.

வாடகைதாரரோ ஓனரோ, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு லோக் அதாலத்தில் சமரசமானால், கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும்.